நட்சத்திரப் படமும் காமிராவின் விலையும்

கல்லூரியில் படிக்கும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இரவு வேளைகளில் வானத்தை நோக்குவதில் அவருக்கு அளவற்ற ஆர்வம். மாலையில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து இரண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர் கையில் இருக்கிறது. நட்சத்திரங்களைப் படம் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட காமிரா ஒன்றை வாங்க விரும்பி விலையை விசாரித்தாராம். தாம் சேர்த்த தொகையைப் போல் ஐந்து மடங்கு வேண்டுமென்று தெரிந்ததாம். மாதத் தவணைக்குத் தருவதாகச் சொல்லும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். கடன்பட்டேனும் வாங்கலாமா, அல்லது இந்தக் கலை தனவந்தர்களுக்கே உரியதென்று ஒதுங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

இக்கேள்வி ஒரு தனி மனிதரின் வரவு செலவைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அவ்வளவு சிறியதன்று. இயற்கையின் காட்சிகளில் வானத்தைப் போல் எல்லோருக்கும் பொதுவானது வேறில்லை. அதற்கு வேலி இல்லை, பட்டா இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. அத்தகைய பொதுச் சொத்தை நுணுகி அறிவதற்குப் பணம் தடையாக நிற்குமானால், அது மெய்யான தடையா, அல்லது வீண் பயத்தால் நாமே எழுப்பிக்கொண்ட தடையா என்று விசாரிப்பது அவசியமாகும். ஆகவே அன்பருக்கு இரண்டு வரியில் பதில் எழுதுவதை விட்டு, விஷயத்தை இப்பக்கத்திலேயே சற்று விரிவாக ஆராயத் துணிந்தோம்.

பழைய கணக்கு

முதலில் சரித்திரத்தைக் கவனிப்போம். வானப் படக் கலை தோன்றிய நாள் முதலாகவே அது பொருட்செலவு மிக்கதாகத்தான் இருந்து வந்திருக்கிறது. 1840-ஆம் வருஷத்தில் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளி பூசிய தகட்டில் சந்திரனின் உருவத்தைப் பதித்தார். 1850-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஹார்வர்டு வானிலையத்தில், நம்மவர் அபிஜித் என்றழைக்கும் வேகா நட்சத்திரம் முதன் முதலாகப் புகைப்படத்திற்கு அகப்பட்டது. அந்த வேலைக்குப் பயன்பட்டது 15 அங்குல விட்டமுள்ள பெருந் தொலைநோக்கி. சாமானியர் எவரும் அத்தகைய கருவியைக் கனவிலும் கருதியிருக்க முடியாது.

1880-ல் ஹென்றி டிரேப்பர் என்ற வைத்தியர் ஓரியன் மண்டலத்து நெபுலாவை முதன் முதலாகப் படம் பிடித்தார். திருவாதிரை நட்சத்திரம் அமைந்திருக்கும் அந்த மண்டலத்தில், மங்கலான ஒளித் திட்டாகக் கண்ணுக்குத் தெரிவது அது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் என்ற எஞ்சினியர் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குலக் கண்ணாடியைக் கொண்டு அதே நெபுலாவைப் பதிந்தபோது, மனிதக் கண் ஒருபோதும் கண்டிராத நட்சத்திரங்கள் அத்தகட்டில் தோன்றின. கண்ணைவிடக் காமிரா அதிகம் காணும் என்பது அன்று ருசுவாயிற்று. டிரேப்பரும் காமனும் வான சாஸ்திரத்தைத் தொழிலாகக் கொண்டவர்களல்லர். இன்று அமெச்சூர் என்கிறோமே, அந்த வகுப்பினர். ஆயினும் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியை நிறுத்தும் அமெச்சூர் யார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் பிலிம் சுருள் பரவியதும் செலவு குறைந்தது, சிரமம் குறையவில்லை. பிலிமில் விழும் ஒளித் துளிகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பதியும். நெடுநேரம் திறந்து வைத்தால் அதன் உணர்ச்சியும் மங்கிவிடும். இக்குறையை நீக்குவதற்காக, பிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்துப் பயன்படுத்தும் வழக்கம் அமெச்சூர்களிடையே இருந்தது. ஒரு படத்திற்கு ஒரு மணி நேரம் தொலைநோக்கியின் ஓரத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி, கையாலேயே கருவியைத் திருத்திக்கொண்டிருந்த தலைமுறை அது.

பின்னர் வந்தது பெரும் மாறுதல். 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் சி.சி.டி. எனப்படும் மின் தகட்டை உருவாக்கினார்கள். 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகவே. 1989-ல் எஸ்.பி.ஐ.ஜி. என்ற கம்பெனி எஸ்.டி.-4 என்ற சிறிய கருவியை அமெச்சூர்களுக்காக விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் தகட்டில் 192-க்கு 165 படப்புள்ளிகள். ஆக மொத்தம் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். இன்று அமெச்சூர்கள் கையாளும் நடுத்தரக் காமிரா ஒன்றில் 2 கோடியே 60 லட்சம் படப்புள்ளிகள் இருக்கின்றன. ஏறக்குறைய எண்ணூறு மடங்கு. இவ்வொன்றிலிருந்தே முப்பது வருஷத்தில் நேர்ந்த அபிவிருத்தியை அளந்துகொள்ளலாம்.

அந்நாளில் பெரிய சி.சி.டி. காமிராக்கள் பல ஆயிரம் டாலர் விலை பெற்றன. விலையைக் கண்டு அமெச்சூர்கள் வாளாவிருந்து விடவில்லை. 1994-ல் ரிச்சர்ட் பெர்ரியும் அவருடைய நண்பர்கள் இருவரும், சமையல் புஸ்தகம் போலவே பெயரிட்டு, சி.சி.டி. காமிராவை வீட்டிலேயே செய்துகொள்ளும் வகையை விளக்கும் நூலொன்றை வெளியிட்டார்கள். கடையில் கிடைக்கும் தகட்டையும் மின் பொருள்களையும் வாங்கி, தாமே பற்றவைத்து, தாமே குளிரூட்டி, பலர் தங்கள் காமிராக்களைச் செய்துகொண்டார்கள். விலை என்ற தடைக்கு மனிதன் கண்ட முதல் மறுமொழி கைத்திறனே என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

விலை ஏன் இவ்வளவு?

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். சி.சி.டி.யின் இடத்தை இப்போது சிமாஸ் என்ற மற்றொரு வகைத் தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது. 1990-களில் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்தின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாஸம் என்பவர் வளர்த்த முறை இது. 2015-ல் சோனி கம்பெனி தனது சி.சி.டி. உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இன்று அமெச்சூர்கள் வாங்கும் வானக் காமிராக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது சோனியின் சிமாஸ் தகடே. காமிராவின் வெளிப் பெயர் எதுவாயினும், சீனாவில் செய்யப்பட்டதாயினும் வேறெங்கு செய்யப்பட்டதாயினும், உள்ளிருக்கும் கண் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கண்தான்.

அந்தக் கண்ணின் பரப்பே விலையை நிர்ணயிக்கிறது. சில உதாரணங்கள் கூறுவோம். 11 மில்லிமீட்டர் சதுரத் தகடு கொண்ட குளிரூட்டிய காமிரா ஏறக்குறைய 1,000 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. அதைப்போல் மூன்று மடங்கு பரப்புள்ள தகடு கொண்டது ஏறக்குறைய 2,000 டாலர். பழைய 35 மில்லிமீட்டர் பிலிமின் முழு அளவாகிய 36-க்கு 24 மில்லிமீட்டர் தகடு கொண்டது ஏறக்குறைய 4,000 டாலர். மூன்றிலும் படப்புள்ளியின் அளவு ஒன்றே, 3.76 மைக்ரான். ஆகவே பெரிய காமிரா அதிக நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. அதிக அகலமாகப் பார்க்கிறது, அவ்வளவே. இதை அறியாமல் விலையே தரம் என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

பரப்புக்கு இவ்வளவு விலை ஏன் என்று கேட்கலாம். வட்டமான சிலிக்கான் பலகையிலிருந்து தகடுகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. பலகையில் அங்கங்கே நுண்ணிய பழுதுகள் இருப்பது தவிர்க்க முடியாதது. தகடு சிறியதானால் பழுதுபட்ட ஒன்றிரண்டை எறிந்துவிட்டு மற்றவற்றை விற்கலாம். பெரியதானால் ஒரே பழுதுக்கு ஒரு பெரிய துண்டே வீணாகும். அன்றியும், சிலிக்கானில் உருவம் பதிக்கும் யந்திரம் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்பு 26-க்கு 33 மில்லிமீட்டர்தான். முழு அளவுத் தகடு அதற்குள் அடங்காது. பகுதி பகுதியாகப் பதித்து இணைக்கவேண்டும். இவற்றோடு குளிரூட்டும் உறுப்பு, ஈரம் படியாமல் காக்கும் அறை, சொற்பத் தொகையினரே வாங்கும் சந்தை எல்லாம் சேர்ந்து விலையை உயர்த்துகின்றன. ஆகவே வியாபாரிகள் கூடிச் சதி செய்து விலையேற்றுகிறார்கள் என்று குற்றம் சாட்ட ஆதாரமில்லை. வழக்கை நேர்மையாகப் பார்ப்போமாயின், பிரதிவாதியின் கட்சியிலும் நியாயம் இருக்கிறதென்று ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

நம் நாட்டில் வாங்குவோருக்கு, இவ்விலையின் மேல் அனுப்புக் கூலியும் சுங்கச் செலவுகளும் வரியும் சேர்கின்றன. டிஜிட்டல் காமிராக்களின் மீது 28 சதவிகிதமாயிருந்த ஜி.எஸ்.டி. வரி 2019 ஜனவரி 1 முதல் 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது நல்ல காரியமே. ஆனாலும் வெளிநாட்டுப் பண்டமாகையால், டாலரின் மதிப்பு ஏறும்போதெல்லாம் மாணவனின் கனவும் ஒரு படி தள்ளிப் போகிறது.

குளிரூட்டும் காமிரா அவசியமா?

விலையுயர்ந்த காமிராவின் முக்கியச் சிறப்பு அதன் குளிர்ச்சி. ஒளியே படாத தகட்டிலும் வெப்பத்தினால் பொய்யான மின்துளிகள் பிறக்கின்றன. வெப்பம் ஆறு அல்லது ஏழு டிகிரி உயரும்போதெல்லாம் இத்தொல்லை இரட்டிக்கிறது. 5 டிகிரி குளிரில் படம் எடுக்கும் ஐரோப்பிய அமெச்சூரையும் 29 டிகிரி வெப்பத்தில் எடுக்கும் நம்மூர் அமெச்சூரையும் ஒப்பிட்டால், நம்மவர் தகட்டில் இக்கோளாறு பத்திலிருந்து பதினாறு மடங்கு அதிகம் என்று கணக்கிடலாம். நல்ல காமிராக்கள் சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய 35 டிகிரி கீழே தகட்டைக் குளிரச் செய்கின்றன. ஆகவே உஷ்ணப் பிரதேசவாசிகளுக்குக் குளிரூட்டிய காமிராவினால் விசேஷப் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆடம்பரம் என்று அதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆனால் வாதம் இதனோடு முடியவில்லை. மூடியை மூடி எடுத்த இருட்படங்களைக் கழிப்பதனாலும், பல படங்களை ஒன்றன்மேலொன்றாகக் கூட்டிச் சராசரி காண்பதனாலும் இக்கோளாற்றைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். நூறு படங்களைக் கூட்டினால் ஒரு படத்தைவிடத் தெளிவு பத்து மடங்கு உயரும் என்பது கணித உண்மை. இதற்கு வேண்டுவது பணமன்று, பொறுமை. கூட்டுவதற்கு வேண்டிய கணினி நிரல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

சாதாரணக் காமிராவுக்கு மற்றொரு குறை உண்டு. நெபுலாக்களின் செந்நிற ஒளி ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 656.3 நானோமீட்டர் கதிராகும். மனித முகத்தின் நிறம் இயற்கையாகத் தோன்ற வேண்டுமென்பதற்காக, காமிரா செய்வோர் அக்கதிரின் பெரும் பகுதியை ஒரு கண்ணாடியினால் தடுத்துவிடுகிறார்கள். வான அன்பர்களுக்காக அத்தடையைத் தளர்த்தி, கானன் கம்பெனி 2005, 2012, 2019 ஆகிய வருஷங்களிலும் நிகான் கம்பெனி 2015-லும் தனிக் காமிராக்களை வெளியிட்டன. 2019-ல் வந்தது 2,499 டாலர் விலை பெற்றது. சாதாரணக் காமிராவைப் போல் நான்கு மடங்கு அக்கதிரை உள்ளே விட்டது. ஆனால் பழைய காமிரா ஒன்றை வாங்கி, தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு அக்கண்ணாடியை எடுத்துவிட்டால், ஏறக்குறைய அதே பயனை மிகக் குறைந்த செலவில் அடையலாம். அங்ஙனம் செய்துகொண்டோர் உலகெங்கும் எண்ணற்றோர்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

காமிராவின் விலையைப் பற்றியே பேசுவோர் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். ஒன்று பூமியின் சுழற்சி, மற்றொன்று இருள்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 15 விகலை நகர்கின்றன. 400 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள தொலைநோக்கியில் மேற்சொன்ன 3.76 மைக்ரான் தகட்டைப் பொருத்தினால், ஒரு படப்புள்ளி வானத்தில் 2 விகலைக்குச் சற்றுக் குறைவான இடத்தைப் பிடிக்கும். அதாவது, ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு காலத்திற்குள்ளேயே நட்சத்திரம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போய்விடும்! பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து மெதுவாகத் திரும்பும் பீடம் இல்லாவிட்டால், 4,000 டாலர் காமிராவும் கோடுகளைத்தான் பதியும். அதே தகட்டை 50 மில்லிமீட்டர் லென்ஸில் வைத்தாலோ, நட்சத்திரம் ஒரு புள்ளியைக் கடக்க ஒரு விநாடி ஆகும். நாலைந்து விநாடி வரை அசையாத முக்காலியிலேயே ஒருவாறு படம் எடுத்துவிடலாம். ஆகவே பீடத்திற்குச் செலவிடாமல் காமிராவிற்குச் செலவிடுவது, அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

இருளின் விஷயம் இன்னும் முக்கியமானது. பெருநகரத்தின் வான வெளிச்சத்திற்கும் மலைக்கிராமத்தின் இருளுக்கும் வான சாஸ்திரிகளின் அளவில் மூன்றரை மாக்னிட்யூட் வித்தியாசம் இருக்கக்கூடும். கணக்கிட்டால் அது 25 மடங்கு வெளிச்சம். மங்கிய நெபுலா ஒன்றை மலைக்கிராமத்தில் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் தெளிவை, நகரத்து மொட்டை மாடியில் எடுக்க 25 மணி நேரம் வேண்டும். உலகில் எந்தக் காமிராவும் பழைய காமிராவைவிட இருபத்தைந்து மடங்கு சிறந்ததன்று. பஸ் கட்டணத்திற்குக் கிடைக்கும் இந்த லாபத்தை விட்டு, லட்ச ரூபாயைக் கொடுத்து அதில் ஒரு சிறு பங்கைத் தேடுவது விவேகமாகுமா? சர்க்காரும் நகரசபைகளும் தெரு விளக்குகளை வானத்தை நோக்காமல் தரையை நோக்கிப் பொருத்தினாலே, ஆயிரம் மாணவர்களுக்குக் காமிரா வாங்கிக் கொடுத்த புண்ணியம் வந்து சேரும். 2022-ல் லடாக்கில் ஹான்லே பகுதியை இருள் காக்கும் பிரதேசமாக அறிவித்தார்கள். ஹான்லேக்குச் செல்ல வசதியற்றோர் வாழும் ஊர்களிலும் சிறிதளவு இருள் காக்கப்படவேண்டாமா?

விலை குறைந்த புதுக் கருவிகள்

சென்ற சில வருஷங்களில் விலை விஷயத்தில் மற்றொரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. 2023-ல் சீனாவின் இஸட்.டபிள்யூ.ஓ. கம்பெனி ஸீஸ்டார் எஸ்50 என்ற கருவியைக் கொண்டுவந்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸ், காமிரா, திரும்பும் பீடம், கணினி எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியது. வெளிவந்த காலத்தில் விலை 499 டாலர். கைப்பேசியில் பொருளின் பெயரைத் தொட்டால், கருவி தானே வானத்தில் அதைத் தேடிக் கண்டு, படம் எடுத்து, கூட்டியும் கொடுத்துவிடும். அதனுள் இருக்கும் தகடு, இருளில் திருடர்களைக் கண்காணிக்கும் காமிராக்களுக்காகச் சோனி செய்த இனத்தைச் சேர்ந்தது. திருடனைப் பார்க்கச் செய்த கண், ஆயிரம் ஒளி ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஓரியன் நெபுலாவைப் பார்க்கிறது. பரந்த சந்தைக்காகச் செய்யப்படும் பண்டம் மலிவாகிறது. அதன் பலன் சிறிய சந்தைக்கும் கசிகிறது என்ற பொருளாதார உண்மைக்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இத்தகைய கருவி எல்லாவற்றையும் தானே செய்துவிடுவதால், வாங்கியவர் ஒன்றும் கற்பதில்லை என்று பழைய அன்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஆவலைத் தூண்டும் முதற்படி மலிவாயிருப்பது நல்லதேயன்றித் தீதன்று. ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்று இருந்தால், நூறு பிள்ளைகள் ஒரே இரவில் தங்கள் கண்ணெதிரே நெபுலா மலர்வதைக் காணலாம். அவர்களில் இருவர் மேலும் கற்க முனைந்தாலும் செலவு பலித்ததாகவே கொள்ளலாம்.

பணம் எதை வாங்கும், எதை வாங்காது?

நல்ல காமிராவினால் பெரும் பயன் விளைந்த சந்தர்ப்பங்களை மறைப்பது நேர்மையாகாது. 2016 செப்டம்பர் 20 அன்று, அர்ஜெண்டீனாவின் ரொஸாரியோ நகரத்தில் விக்டர் பூஸோ என்ற பூட்டுத் தொழிலாளி, புதிதாக வாங்கிய காமிராவைத் தம் வீட்டு மாடியில் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் பொருத்திப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். அப்போது தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத் தீவில் ஒரு நட்சத்திரம் வெடித்துப் பிரகாசிக்கத் தொடங்கிய முதல் கணங்கள் அவர் படங்களில் பதிந்தன. பெருங் கருவிகளைக் கொண்ட விஞ்ஞானிகளும் அதுவரை சாதாரண ஒளியில் காணாத காட்சி அது. 2018-ல் நேச்சர் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்தப் பூட்டுத் தொழிலாளியின் படங்களே மூல சாட்சியம்.

2023 ஜனவரியில் மற்றொரு செய்தி வந்தது. ட்ரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், ஸாந்தி என்ற மூன்று ஐரோப்பிய அமெச்சூர்கள், ஆண்ட்ரோமீடா நட்சத்திர மண்டலத்தின் அருகே யாரும் அறியாத ஒளி வில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கையாண்ட தொலைநோக்கியின் விட்டம் 106 மில்லிமீட்டர், நாலங்குலம். உலகத்தில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட நட்சத்திர மண்டலம் அது. அதன் பக்கத்திலேயே இருந்ததை ஒருவரும் காணவில்லை. ஏனெனில் பிராணவாயுவின் ஒளியை மட்டும் விடும் கண்ணாடியையும் பயன்படுத்தி, மொத்தம் நூறு மணி நேரத்திற்கு மேல் ஒரே இடத்தைப் பார்க்க ஒருவரும் முனையவில்லை. கருவி நல்லதுதான், ஆனால் கண்டுபிடித்தது அந்த நூறு மணி நேரம்.

காமிராவே இல்லாமல் கண்டவர்களும் உண்டு. 2007-ல் ஹாலந்தைச் சேர்ந்த ஹன்னி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை, வானப் படங்களைப் பொதுமக்கள் பார்த்து வகைப்படுத்தும் திட்டத்தில் கலந்துகொண்டு, விஞ்ஞானிகள் எவரும் கவனியாத பச்சை ஒளி மேகமொன்றைச் சுட்டிக்காட்டினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. சூரியனை நோக்கும் ஸோஹோ விண்கலத்தின் படங்களில் காணப்பட்ட வால்நட்சத்திரங்களின் தொகை 2024 மார்ச்சில் 5,000-ஐ எட்டியது; அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் வீட்டிலிருந்தே படங்களைப் பரிசோதித்த தொண்டர்கள். ஹப்பிள் தொலைநோக்கியின் படச் சேமிப்பும் உலகத்தார் யாவர்க்கும் இலவசமாகத் திறந்தே இருக்கிறது. காமிரா வாங்கும் வரையில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

இரவல் என்ற நல்ல வழி

நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இக்கேள்விக்குச் சிறந்த விடை ஒன்று கிடக்கிறது. வங்காளத்து ஜெஸ்ஸூரில் கஜானா உத்தியோகஸ்தராயிருந்த ராதா கோவிந்த சந்திரர், 3 அங்குலத் தொலைநோக்கியால் ஒளி மாறும் நட்சத்திரங்களை இரவு தோறும் அளந்து, அமெரிக்காவின் மாறுநட்சத்திர நோக்குநர் சங்கத்திற்கு அனுப்பி வந்தார். அவர் உழைப்பைக் கண்ட அச்சங்கம், 1926-ல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு இரவலாக அனுப்பி வைத்தது. அவர் பல்லாண்டுகள் அதனை உபயோகித்தார். பிற்காலத்தில் அது வைனு பாப்புவின் கைக்கு வந்து, நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானிலையத்தை அடைந்தது. ஒரே கருவி எத்தனை பேருக்குப் பயன்பட்டது பாருங்கள்! அதை ஒரு தனவந்தர் வாங்கித் தம் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் அதன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கொடைக்கானல் சூரிய வானிலையமும் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. 1899-ல் ஏற்பட்ட அந்நிலையத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். அப்பழைய தகடுகளின் பெருமை அவற்றை எடுத்த காமிராவின் விலையில் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறுபடாத தொடர்ச்சியில் இருக்கிறது.

எனவே பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நகரசபை நூல் நிலையங்களுக்கும் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். புஸ்தகத்தை இரவல் கொடுப்பது போல் கருவியையும் இரவல் கொடுக்கலாம். குளிரூட்டிய காமிரா ஒன்றும் திரும்பும் பீடம் ஒன்றும் ஒரு தனி மனிதருக்குப் பெருஞ்செலவு. ஒரு ஜில்லா நூல் நிலையத்திற்கு அது ஒரு பொருட்டன்று. மாதத்தில் அமாவாசையை ஒட்டிய சில இரவுகளே ஆழ்வானப் படத்திற்கு ஏற்றவை. மற்ற இரவுகளில் தனியார் காமிரா பெட்டிக்குள் தூங்குகிறது. பொதுக் காமிராவாயின், முறை வைத்துப் பலர் உபயோகிக்கலாம்.

நமது யோசனை

இனி அன்பரின் கேள்விக்கு நேராக வருவோம். அவர் கடன் வாங்கவேண்டாம். மின் பண்டங்களின் விலை வருஷந்தோறும் இறங்கும் இயல்புடையது; கடனின் வட்டியோ ஏறும் இயல்புடையது. இறங்கும் பொருளை ஏறும் பணத்தால் வாங்குவது எவ்விதக் கணக்கிலும் பொருந்தாது.

கையிலுள்ள பணத்தில் முதலாவதாக, நட்சத்திரங்களைத் தொடரும் சிறிய பீடம் ஒன்றை வாங்கட்டும். இரண்டாவதாக, பழைய காமிரா ஒன்றும் சாதாரண லென்ஸ் ஒன்றும் தேடட்டும். அதுவும் இயலாவிட்டால், கைப்பேசியோடு தொடங்கட்டும். நாலு நிமிஷம் வரை நட்சத்திரங்களைக் கூட்டிப் பதியும் வசதி 2019-லேயே கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. மூன்றாவதாக, விளக்கில்லாத ஊருக்குப் பஸ் ஏறட்டும். நான்காவதாக, ஒத்த ஆர்வமுடைய மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஒருவர் பல வருஷங்களில் வாங்கக்கூடியதை நால்வர் சீக்கிரமே வாங்கிவிடுவார்கள். குளிரூட்டிய காமிரா அப்போது வரட்டும். அதற்குள் அவர்களுக்கு எந்த அளவுத் தகடு வேண்டும், எது வேண்டாம் என்பதும் அனுபவத்தில் தெரிந்திருக்கும். தெரியாமல் வாங்கி, பாதி விலைக்கு விற்போரின் கூட்டத்தில் அவர்கள் சேரமாட்டார்கள்.

இந்தக் கலை தனவந்தர்களுக்கே உரியதா என்பது கேள்வியின் மறுபாதி. காமனின் காலத்தில் அவ்வாறு சொல்வதற்கு இடமிருந்தது. இன்று அவ்வாறு சொல்வதற்கு இடமில்லை. ஆனால் ஒரு மாணவர் தனியாக நின்று அத்தடையைத் தாண்டவேண்டுமென்று விட்டுவிடுவதும் சமூகத்திற்கு அழகன்று. பள்ளிக்கூடத்தார் ஒரு கருவி வாங்குக. நகரசபையார் விளக்குகளைத் தரையை நோக்கித் திருப்புக. கருவியுடையோர் இல்லாதோர்க்கு ஓர் இரவு இரவல் தருக. அன்பரும் தம் பணத்தைக் கடைக்காரரிடம் கொடுக்குமுன், அடுத்த அமாவாசை இரவில் ஊருக்கு வெளியே சென்று, கையிலுள்ள கைப்பேசியைக் கொண்டே முதல் படத்தை எடுத்துப் பார்ப்பாராக. அப்படம் எவ்வளவு மங்கலாயிருந்தாலும் அதை நமக்கு அனுப்பி வைத்தால், நாம் மகிழ்ச்சியுடன் பார்ப்போம்.